பின் பிரேக் பேடு மாற்ற: வீட்டு வாசலா, உள்ளூர் மெக்கானிக்கா, கோயம்புத்தூரா?

முன் சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்தால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் வேலை பாதி முடிந்திருக்கும். பின்னாலும் டிஸ்க் உள்ள பழைய கார் என்றால்தான் ஆளுக்கொரு யோசனை வருகிறது. ‘இதெல்லாம் வீட்டு வாசல்லயே மாத்திடலாம்’ என்பார் ஒருவர். ‘நம்ம மெக்கானிக் போதும், எதுக்கு அலையணும்’ என்பார் இன்னொருவர். ‘பிரேக் விஷயம், கோயம்புத்தூர் கொண்டுபோய் கம்பெனியிலேயே விட்டுடுங்க’ என்று மாமனாரோ மச்சானோ சொல்வார். எல்லோரும் பெரும்பாலும் கூலிக் கணக்கை வைத்தே பேசுகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வண்டி ஓட்டுகிறவர் கூலியை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. பேடு மாற்றுவது சின்ன வேலை. அதைச் சுற்றியிருக்கும் ஸ்லைடு பின், பிஸ்டன், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் நிதானமாகக் கழற்றிப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. அதை யார் செய்வார் என்று தெரிந்தால் வண்டியை எங்கே விடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாருதி 800, ஜென், ஆல்டோ, சாண்ட்ரோ, இண்டிகா, அம்பாசடர் போன்ற வண்டிகளில் பின்னால் இருப்பது டிரம். அதில் பேடே கிடையாது, ஷூவும் லைனிங்கும்தான். அது வேறு வேலை, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. ஸ்கோடா ஆக்டேவியா, லாரா, ஹோண்டா சிவிக், ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, செவர்லே குரூஸ் போன்றவற்றில் பின்னாலும் டிஸ்க் உண்டு. புதிதாக வந்தபோது எட்டாத விலையில் இருந்த இந்த வண்டிகள் செகண்ட் ஹேண்டில் இப்போது சின்னக் காரின் விலைக்கே கிடைக்கின்றன. வாங்கும் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, பராமரிக்கும் செலவு இறங்கவில்லை. அதனால்தான் இந்த யோசனையெல்லாம்.

பின் சக்கரத்தில் என்ன வித்தியாசம்?

பேடுகளை டிஸ்கின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் காலிப்பர், அதற்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை பிஸ்டன். புதுப் பேடுக்கு இடம் விட, முன் காலிப்பரின் பிஸ்டனை ஒரு சி கிளாம்ப் வைத்து அழுத்தினால் நேராக உள்ளே போய்விடும். நான் மேலே சொன்ன வகை வண்டிகளில் பலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டனுக்கு உள்ளே ஒரு திருகு இருக்கும். பேடு தேயத் தேய அந்தத் திருகு தானாக இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். அதனால் இந்தப் பிஸ்டனை அழுத்திக்கொண்டே திருப்பித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டியிருக்கும். சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் எதிர்த் திசை. இது தெரியாமல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் திருகு கெட்டுவிடும், அப்புறம் பேடு விலையோடு காலிப்பர் விலையும் சேரும். சிவிக்கில் இன்னொரு நுணுக்கம்: பேடின் முதுகில் ஒரு சின்ன மேடு இருக்கும், அது பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டுக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பேடு சாய்ந்து தேயும், ஹேண்ட் பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்காது.

அடுத்தது ஸ்லைடு பின். காலிப்பர் இடமும் வலமும் நகர்வதற்காக ரப்பர் உறைக்குள் இருக்கும் இரண்டு தண்டுகள் இவை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையும், கூடலூர் பக்கம் ஆனி ஆடி மழையும், மீதி நாட்களில் பனிமூட்டமும் சேர்ந்து இந்த ரப்பர் உறைக்குள் ஈரத்தை அனுப்பிவிடுகின்றன. பத்து வயது தாண்டிய காரில் இந்த உறையில் வெடிப்பு இருந்தால் ஆச்சரியமில்லை. உள்ளே துரு ஏறினால் காலிப்பர் நகராது. அப்போது பிஸ்டன் இருக்கும் உள் பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்துகொண்டே போகும், வெளிப் பக்கத்துப் பேடு புதிது போலவே இருக்கும். சக்கரத்தின் ஓட்டை வழியாகப் பார்க்கும்போது நம் கண்ணில் படுவது அந்த வெளிப் பேடுதான். ‘நல்லா இருக்கே’ என்று நினைத்துவிட்டுப் போவோம். ஆகவே பின் பேடு சீக்கிரம் தேய்ந்தது என்றாலோ, உள்ளும் வெளியும் ஒரே அளவில் தேயவில்லை என்றாலோ, புதுப் பேடு போடுவது மட்டும் பரிகாரம் ஆகாது. அதே ஸ்லைடு பின்னோடு போட்ட புதுப் பேடும் அதே வழியில்தான் போகும்.

மூன்றாவது ஹேண்ட் பிரேக் கேபிள். மலையில் எந்தத் தெருவில் நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுகிறோம். மார்கழிக் குளிரில் நான்கைந்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேடு டிஸ்கோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். கேபிளின் உறைக்குள் துரு ஏறினால் நாம் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாலும் காலிப்பரில் இருக்கும் நெம்புகோல் முழுதாகத் திரும்பி வராது. பேடு எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், சக்கரம் சூடாகும், பேடும் தேயும்.

இதில் மலை எங்கே வருகிறது?

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். நடுவில் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். ஆட்களும் சாமானுமாக 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் சுமார் 22 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். 70 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அவ்வளவு சக்தி போதும். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் நல்ல பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கும். டாப் கியரில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் முக்கால்வாசியும் பிரேக்கின் தலையில்தான்.

இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி முன் பிரேக்குக்குப் போகிறது. அப்படியானால் பின் பேடு தேய்ந்தால் என்ன என்று கேட்கலாம். பின்னால் பிடிக்காத பங்கும் முன்னால் சேர்கிறது, அது இன்னும் சூடாகிறது. பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அங்கேதான் ஆபத்து ஆரம்பம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ரகம். ஈரம் ஏறியபின் தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பேடு மாற்றும் சாக்கில் ஆயிலின் வயதையும் பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுவதே நல்லது.

இதிலிருந்து ஒரு கேள்வி வருகிறது, அதை யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூர் கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டும் என்றால் அந்தக் கெட்ட பிரேக்கோடுதானே மலை இறங்க வேண்டும்?

கோயம்புத்தூர் கம்பெனி சர்வீஸ்

நாடு முழுக்க ஓடும் சின்னக் கார்களுக்கு மலையிலேயே சர்வீஸ் வசதி இருக்கலாம். ஆனால் பின் டிஸ்க் உள்ள பழைய ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. அங்கே லிஃப்ட் இருக்கிறது, சரியான பிஸ்டன் திருப்பும் கருவி இருக்கிறது, போல்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தால் கணினியில் மாட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். வேலை நடப்பதை நாம் பார்க்க முடிவதில்லை. பேடு மாற்றுவதற்கு இவ்வளவு நேரம் என்று அங்கே கணக்கு இருக்கும். அதற்குள் ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போட்டார்களா என்பது பில்லில் தெரியாது. ஸ்லைடு பின் இறுகியிருந்தால் ‘காலிப்பர் போச்சு சார், புதுசு மாத்தணும்’ என்று போன் வரும். புதுக் காலிப்பரின் விலையில் உள்ளூரில் பேடை நான்கு முறை மாற்றிவிடலாம். இறுகிய பின்னைப் பொறுமையாக விடுவிக்க ஒரு ஆளை அரை நாள் உட்கார வைப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது, புதிதை மாட்டுவதுதான் சுலபம். அவர்கள் தொழில் அப்படி அமைந்திருக்கிறது, கோபப்பட்டுப் பயனில்லை.

பேடில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்தே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாங்கும் இரும்புத் தகட்டைக் கழித்துவிட்டு, தேயும் பாகம் மட்டும் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கவலையில்லாமல் இறங்கலாம். 3-க்கு வந்துவிட்டால் மாற்றுவதற்கு நாள் குறித்துவிட வேண்டும். ஹோண்டா தன் மேனுவலில் 1.6 மில்லிமீட்டரைக் கடைசி எல்லையாகச் சொல்கிறது, ஆனால் அது எல்லா ஊருக்குமான எண். மலையில் அதுவரை காத்திருக்கக் கூடாது. இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு கேட்டுவிட்டால் கோயம்புத்தூர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேலேயே வேலையை முடிக்க வேண்டும். சீசன் நேரத்தில் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். அந்த நெரிசலில் மிதித்து மிதித்து இறங்குவது நல்ல பிரேக்குக்கே சோதனை.

வீட்டு வாசல்

எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் மலையில் இதற்கு ஒரு பெரிய தடை, திறமையோ கருவியோ அல்ல. தரை.

பின் பிரேக்கில் வேலை செய்ய ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். இழுத்து வைத்திருந்தால் பிஸ்டனைத் திருப்ப முடியாது. பின் சக்கரங்கள் ஜாக்கியில் தரையை விட்டு மேலே. அப்படியானால் வண்டியைப் பிடித்திருப்பது எது? முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் முதல் கியரும், முன் சக்கரங்களுக்குக் கொடுத்த அண்டைக் கற்களும். பின் சக்கரம் இழுக்கும் பழைய வண்டி என்றால் கியர் போட்டும் பயனில்லை. கியர் பிடிக்கும் சக்கரமே அந்தரத்தில் நிற்கிறது. கல் ஒன்றுதான் துணை. சமதளத்தில் இது போதும். குன்னூரில் பாதி வீடுகளுக்கு வாசல் என்பது ஒரு சரிவுதான், மீதிப் பாதிக்கு வாசலில் வண்டியே நிற்காது, ரோட்டோரம்தான். சரிவில் ஜாக்கி போட்ட வண்டி நழுவினால் அதை எந்தக் கையாலும் நிறுத்த முடியாது. ஆகவே சரிவில் இந்த வேலை வேண்டாம். பழக்கமானவர் செய்கிறார் என்பதெல்லாம் காரணமே அல்ல.

சமதளம் வேண்டும் என்றால் தேட வேண்டும். தெரிந்தவர் டீ பேக்டரியில் இருந்தால் அந்த முற்றம், எஸ்டேட் லைனில் லாரி திரும்பும் இடம், நண்பர் வீட்டு கான்கிரீட் போட்ட ஷெட். ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் கோயில் முன்னால் அருமையான சமதளம் இருக்கும், ஆனால் அங்கே காரை ஜாக்கியில் ஏற்றினால் ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். மண் தரை என்றால் மழைக்குப் பிறகு வேண்டாம். மேலே காய்ந்தது போல இருந்தாலும் கீழே ஊறியிருக்கும், ஜாக்கி இறங்கும். தடித்த பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். காலிப்பரைக் கழற்றும் நேரம் முழுக்க ஜாக் ஸ்டாண்டின் மேல்தான் வண்டி நிற்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள், அதுவும் ஒரு காவல்.

தரை கிடைத்துவிட்டால் வீட்டு வேலையைப் போல வேறில்லை. அவசரம் கிடையாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும், அப்போதுதான் சந்தேகம் வந்தால் திறக்காத பக்கத்தைப் பார்த்துத் தெளியலாம். ஆக்டேவியாவில் காலிப்பர் போல்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும், ஸ்லைடு பின் சுற்றாமல் பிடித்துக்கொள்ள மெல்லிய 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும் போதும். பிஸ்டன் திருப்பும் கருவிப் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு முறை வாங்கினால் நண்பர்கள் எல்லோரும் வந்து கேட்பார்கள், தயாராக இருங்கள். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிஸ்டனைத் திருப்பும்போது பிரேக் ஆயில் டேங்கில் மட்டம் ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போகும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஸ்லைடு பின்தான் இந்த வேலையின் மையம், அதில் நேரம் செலவழியுங்கள். பின்னை வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டைக்குள்ளும் சுத்தம் செய்ய வேண்டும். ஆழமாக அரித்திருந்தால் பின்னும் உறையும் சேர்ந்த கிட் தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். கிரீஸ் விஷயத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப் பெருத்து, கொஞ்ச நாளில் பின்னை இறுக்கிப் பிடித்துவிடும். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் அல்லது சிவப்பு நிற ரப்பர் கிரீஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். கையால் தள்ளினால் ஸ்லைடு பின் வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். அந்த நிலைக்கு வராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

தூசியை வாயால் ஊதக் கூடாது, ஏர் பைப்பும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. முகமூடி போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரோ தண்ணீரோ தெளித்துத் துடையுங்கள். பின் டிஸ்கின் கனத்தையும் அளந்துவிட வேண்டும். குறைந்தபட்ச அளவு டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிவிக்கின் பின் டிஸ்க் புதிதில் 9 மில்லிமீட்டர், 8-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இவ்வளவு மெல்லிய டிஸ்கை லேத்தில் கொடுத்துக் கடைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடைந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கடைசியில், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்து கெட்டியாக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் சில மிதிகளுக்குப் பெடல் தரைவரை போகும். குன்னூர்ச் சந்தில் இதை மறந்துவிட்டு வண்டியை விட்டால் கீழ் வீட்டுக்காரரின் சுவரில் போய்த்தான் நிற்கும்.

யாருக்கு வீட்டு வேலை வேண்டாம்? எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்கேனர் தேவைப்படும். ஆயில் கசிவு, கிழிந்த பிஸ்டன் ரப்பர், வெடித்த குழாய் எது கண்ணில் பட்டாலும் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுவதே சரி. முன் பேடைக்கூட இதுவரை மாற்றிப் பார்க்காதவர் பின்னால் தொடங்க வேண்டாம், முன்னால் கற்றுக்கொண்டு வரலாம்.

உள்ளூர் மெக்கானிக்

நீலகிரி மெக்கானிக்குகளுக்கு பிரேக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜீப், மேக்ஸி கேப், டீத்தூள் ஏற்றும் வேன் என்று தினமும் மலை இறங்கும் வண்டிகளைப் பார்க்கிறவர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்கவே விடுவதில்லை. அந்தப் பாதையில் ஓடும் வண்டிகளைக் கவனித்துக்கொள்கிறவருக்குப் பெடலில் கால் வைத்ததுமே எது சரியில்லை என்று தெரியும். கூலியும் நூறுகளில்தான் இருக்கும், ஆயிரங்களுக்குப் போகாது. ரொம்ப மோசம் என்றால் வீட்டுக்கே வந்து செய்துகொடுப்பவர்களும் உண்டு. கரகரப்பு கேட்ட பிறகு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் அவர்கள் கை பழகியது டிரம்மிலும் முன் டிஸ்கிலும். திருகு வைத்த பின் காலிப்பர் அடிக்கடி வருவதில்லை. கேட்டுப் பாருங்கள்: ‘அண்ணா, இதுக்குப் பிஸ்டனைச் சுத்தித்தானே உள்ள அனுப்பணும்?’ என்று. ‘ஆமா, அந்த டூல் இருக்கு’ என்று பதில் வந்தால் நிம்மதி. ‘அதெல்லாம் பெரிய ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பிடலாம்’ என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

இந்த வழியில் ஒரு பெரிய வசதி, நாம் பக்கத்தில் நிற்கலாம். பேடையும் சிலிகான் கிரீஸையும் நாமே வாங்கிக் கொண்டுபோய், ‘பின்னைக் கழற்றி கிரீஸ் போட்டுடுங்கண்ணா, அதுக்குத் தனியா வாங்கிக்கோங்க’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தனிக் கூலி உண்டு என்று தெரிந்தால் நிதானமாகச் செய்வார்கள். சொல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த வண்டிதான் அவர் மனதில் இருக்கும். பழைய பேடு நான்கையும் கேட்டு வாங்கி, உள் பேடு வெளிப் பேடு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருந்தால் பின்கள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. ஒன்று மட்டும் தகடாகிவிட்டது என்றால் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து காட்டச் சொல்லலாம். கம்பெனியில் இப்படிக் கேட்க முடியாது.

அப்படியானால் எது?

சமதளமும் ஸ்டாண்டும் கருவியும் இருந்து, சாதாரண ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியாகவும் இருந்தால் வீடுதான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உள்ளூர் மெக்கானிக், பேடும் கிரீஸும் நம் கையில். மலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, பெடல் கீழே போகிறது, எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் மட்டும் கம்பெனி. பெடல் கீழே போகும் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள், ரெக்கவரி வண்டியில்தான் அனுப்ப வேண்டும். மற்றபடி என்றால், பேடில் போதிய கனம் இருக்கும்போதே, வேறு வேலையாகக் கோயம்புத்தூர் போகும் நாளில் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். செலவைப் பார்த்தால் வீடு முதலிடம், கம்பெனி கடைசி. ஆனால் முதல் தடவை வீட்டில் செய்பவருக்குக் கருவி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இராது.

எந்தப் பேடு?

பேடு வாங்குவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கம்பெனிப் பேடா, வெளிப் பேடா என்றால், பின் சக்கரத்துக்குப் பெயருள்ள வெளிப் பேடு தாராளமாகப் போதும். பிரேக் பாகம் செய்யும் பெரிய நிறுவனங்கள் சென்னையில் பாடியிலும் அம்பத்தூரிலும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நல்ல பேடுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பியப் பழைய கார்களுக்கு மட்டும் உள்ளூர்க் கடையில் இருப்பு இராது. கோயம்புத்தூர்க் கடைக்கு போன் போட்டு பஸ்ஸில் அனுப்பச் சொல்லலாம், ஆன்லைனிலும் வரும். சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு வகைக் காலிப்பர் இருக்கக்கூடும். வண்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பேடு பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்வதைப் போலக் கொடுமை வேறில்லை.

பேடின் ஓரத்தில் அச்சடித்த எண்களின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது சூடேறியபின் எவ்வளவு என்பதற்கு. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எஃப்எஃப் என்று போட்டிருந்தால் நம் மலைக்குப் போதும். இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இருக்கும் பேடை நான் எடுக்கமாட்டேன், சூட்டில் பிடி குறைகிறது என்று அதுவே சொல்கிறதே.

முன்னால் இருப்பதைவிட ஜோராகப் பிடிக்கும் பேடைப் பின்னால் போடுவதும் தப்பு. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில், மழையில் நனைந்த வளைவில், பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் சுற்றிவிடும். முன்னால் எந்த எழுத்தோ பின்னாலும் அதுவே, அல்லது ஒரு படி கீழே. செராமிக் பேடு சத்தம் குறைவு, தூசி குறைவு, விலை கூடுதல். செமி மெட்டாலிக் சூட்டை நன்றாகத் தாங்கும், காலைக் குளிரில் கொஞ்சம் கத்தும். பின் சக்கரத்தில் சூடு குறைவு என்பதால் இதற்கெல்லாம் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மாட்டிய பிறகு

யார் மாட்டினாலும் சோதனை நம் பொறுப்பு. மலையில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. வீட்டுப் பக்கத்துச் சரிவில், ஏறுமுகமாக ஒரு முறை, இறங்குமுகமாக ஒரு முறை, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். நழுவினால் உடனே கேபிளை இறுக்கச் சொல்லாதீர்கள். முதலில் கால் பிரேக்கைப் பலமுறை மிதித்தால் உள்ளே இருக்கும் திருகு தானாக இடைவெளியைச் சரிசெய்யும். அதற்குப் பிறகும் நழுவினால்தான் கேபிள். கேபிளை முதலிலேயே இறுக்கிவிட்டால் நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது, உரசல் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

புதுப் பேடு டிஸ்கோடு பழக வேண்டும். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் ரோட்டில் விடிகாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு மிதமாகக் குறைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடியும் அதே மாதிரி ஒரு பத்துத் தடவை. முழுதாக நிறுத்தி, சூடான பேடை டிஸ்கின் மேல் அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இதை முடிக்காமல் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம்.

முதல் முறை கீழே இறங்கும்போது, குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் இருக்கும் பர்லியாரில் நிறுத்துங்கள். பழக்கடைக்குப் போகும் முன் நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரம் இரண்டும் சூடாக இருப்பது இயல்பு. பின் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தகிக்கிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஸ்லைடு பின்னோ கேபிளோ இன்னும் சரியாகவில்லை. ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்கி, கீழே முதலில் கிடைக்கும் மெக்கானிக்கிடம் அந்தச் சக்கரத்தை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். வீல் போல்டுகளையும் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். டார்க் ரெஞ்சில் வைக்க வேண்டிய அளவு ஆக்டேவியாவுக்கு 120 நியூட்டன் மீட்டர், சிவிக்குக்கு 108.